ஆம்ப்ளிபயரும் உஷ்ணமும்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் ஐயங்கார்குளத்திலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் பழுதுற்ற ஆம்ப்ளிபயர்கள் என் பட்டறைக்கு வரத் தலைப்படும். சித்திரையில் அவை பெருகி, கத்திரி வெயிலின்போது உள்ளே வைக்க இடமில்லாமல் திண்ணைவரை அடுக்கப்பட்டு, ஆடிக் காற்று வீசத் தொடங்கிய பிறகு படிப்படியாகக் குறைந்து, மார்கழியில் பஜனை கோஷ்டியாரின் மைக் செட்டைத் தவிர வேறொன்றும் வாராத நிலையை அடையும். ஐப்பசி மின்னலில் கெடும் செட்டுகளின் கணக்கு வேறு. நாற்பது வருஷங்களுக்கு மேலாக மாறாமல் இருந்துவரும் இந்த ஒழுங்குக்குக் காரணம் ஒன்றுதான். ஓர் ஆம்ப்ளிபயர் தன் சுற்றுப்புறத்தைக் காட்டிலும் எத்தனை டிகிரி அதிகமாகச் சூடேறும் என்பது அதன் அமைப்பையும் அதற்குக் கொடுக்கும் வேலையையும் பொறுத்தது. அந்த அதிகம் மார்கழியிலும் சித்திரையிலும் ஏறக்குறைய ஒன்றேதான். சுற்றுப்புறத்துக்கு மேல் 35 டிகிரி ஏறும் செட்டு, 25 டிகிரி உள்ள அறையில் 60-ல் நின்று சுகமாகப் பாடிக்கொண்டிருக்கும்; அதே செட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் 42 டிகிரி அறையில் 77-ஐத் தொட்டுவிட்டு, அன்று மாலையே என்னிடம் வந்து சேரும்.

வருகிறவர்களில் பாதிப்பேர், செட்டை இறக்கிவைத்த கையோடு, “இதுக்கு ஒரு ஃபேன் வெச்சுக் குடுத்துடுங்க” என்று கேட்பது, கம்ப்யூட்டர்கள் ஊரெங்கும் பெருகி, அவற்றின் பவர் சப்ளைப் பெட்டிகளிலிருந்து கழற்றப்பட்ட 80 மில்லிமீட்டர் விசிறிகள் சென்னை ரிச்சி தெருவில் கூறுகட்டி விற்கப்பட்ட காலத்துக்குப் பிறகு உண்டான வழக்கம். அதற்கு முன் விசிறி என்பது பெரிய மைக் செட்டுகளுக்கும் சினிமாக் கொட்டகை யந்திரங்களுக்கும் உரிய பொருளாகவே எண்ணப்பட்டிருந்தது. வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்கும் சாதனத்துக்கு அது வேண்டுமென்று ஒருவரும் நினைத்ததில்லை. விசிறியைப் பொருத்துவது அரை மணி நேர வேலை. பொருத்தலாமா, பொருத்தினால் எந்தப் பக்கம், அதற்கு முன் செய்யவேண்டியவை யாவை என்று நிர்ணயிப்பதற்கே பொழுது முழுவதும் போய்விடுகிறது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் காஞ்சிபுரத்தில் ரேடியோ கடை வைத்திருந்தவர். வால்வுக் காலத்து மனிதர். எந்த செட்டு வந்தாலும் மீட்டரைத் தொடுவதற்கு முன் மூடியைக் கழற்றி உள்ளே மோந்து பார்க்கச் சொல்லுவார். டிரான்ஸ்ஃபார்மரின் வார்னிஷ் கருகிய நாற்றம் ஒன்று. கார்பன் ரெசிஸ்டர் எரிந்த நாற்றம் வேறொன்று. கண்டென்சர் பொங்கி வழிந்த புளித்த வாடை மற்றொன்று. இம்மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லத் தெரியாதவனுக்கு அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்ததில்லை. வால்வு செட்டில் உஷ்ணம் ஒளிந்திருப்பதில்லை. ஈஎல் 84 என்ற சிறிய அவுட்புட் வால்வின் ஃபிலமென்டே பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐந்து வாட் அளவு மின்சாரத்தை வெறும் சூடாக மாற்றிக்கொண்டிருக்கும்; ஆனால் அந்தக் கண்ணாடிக் குழல் சூடாக இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதைச் சுற்றியிருக்கும் கண்டென்சர்களும் டிரான்ஸ்ஃபார்மரும் வேகாமல் பார்த்துக்கொண்டால் போதுமானது. ஆகையால் செட்டின் முதுகிலுள்ள துளைகள் போட்ட அட்டையை பிரஷ்ஷால் துடைத்துத் தூசி போக்காமல் எந்த செட்டையும் அவர் திருப்பிக் கொடுத்ததில்லை. காற்று தானாகவே கீழ்த்துளையில் நுழைந்து மேல்துளையில் வெளியேற வேண்டும் என்பதே உஷ்ணம் பற்றி அவருக்கிருந்த சாஸ்திரம் முழுவதும். அது போதாது என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு டிரான்சிஸ்டர்கள் வந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களைச் செய்யத் தொடங்கியிருந்தது; நான் தொழிலுக்கு வந்த சமயத்தில் அவை பழையனவாகி, சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஜெர்மேனியம் 100 டிகிரிக்குள்ளேயே நிலைகுலைந்துவிடும். சிலிக்கானோ 150 முதல் 200 டிகிரிவரை தாங்கும். இந்தத் தாங்கும் சக்தியே ஒரு தீமைக்கும் வித்தானது. தாங்குகிறது என்ற தைரியத்தில் தயாரிப்பாளர்கள், டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க்கின் அளவைச் சுருக்கினார்கள். பெட்டியின் உயரத்தைக் குறைத்து, முகப்பில் மினுமினுக்கும் குமிழ்களைக் கூட்டினார்கள்.

வீட்டு ஆம்ப்ளிபயர் என்றால் எங்கள் பக்கத்தில் கம்பெனிப் பொருளைக் காட்டிலும் கையால் கோத்ததே அதிகம். காஞ்சிபுரத்துப் பையன்கள் ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறிப்போய், 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும், போர்டு ஒன்றும், 2என்3055 டிரான்சிஸ்டர் நான்கும், தகரப் பெட்டி ஒன்றும் வாங்கிவந்து, இரண்டு இரவு விழித்திருந்து ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் செய்துவிடுவார்கள். இரண்டு காதுகள் வைத்த அந்த உலோகத் தொப்பி டிரான்சிஸ்டரை அறியாத ரேடியோக்காரர் உலகத்தில் எங்கும் இருந்திருக்க முடியாது. அதன் விவரத்தாளில் 115 வாட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அந்தப் பையன்கள் மகிழ்ந்துபோவார்கள். அந்த 115 வாட், அதன் உலோக உடம்பை 25 டிகிரியிலேயே நிறுத்திவைத்தால்தான் என்பது அதே வரியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சித்திரை மாசத்து ஐயங்கார்குளத்தில் 25 டிகிரிக்கு எங்கே போவது? எங்கள் ஊர் நடவாவிக் கிணற்றின் படிகளில் இறங்கி அடியிலுள்ள மண்டபத்தில் வைத்தால்கூடக் கிடைக்காது.

விவரம் தெரிந்தவர்களும் தவறாக எண்ணிக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஆம்ப்ளிபயரை உச்ச அளவுக்குத் திருப்பி வைத்தால்தான் மிக அதிகமாகச் சூடேறும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சீரான ஒரே சுருதியைச் செலுத்தி அளந்து பார்த்தால், டிரான்சிஸ்டர்கள் மிகுதியாக வேகும் இடம் முழுச் சக்தியில் இல்லை. அதில் ஏறக்குறைய நாற்பது சதவிகிதத்தில் இருக்கிறது. முழுச் சக்தியில் மின்சாரத்தின் பெரும்பகுதி ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. நடுவாந்தரத்தில்தான் டிரான்சிஸ்டர் தன்னிடமே நிறைய நிறுத்திக்கொள்கிறது. “அதிகமா வெக்கவே இல்லீங்க, பாதியிலதான் வெச்சிருந்தோம்” என்று வாடிக்கையாளர்கள் சத்தியம் பண்ணும்போது, அவர்கள் பொய் சொல்லுவதாகப் பல ரிப்பேர்க்காரர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

நெசவாளர் ஒருவருடைய செட்டை இங்கே விவரித்துச் சொல்லவேண்டும். விடியற்காலையில் தறிக்குழியில் இறங்கியதும் ரேடியோவைப் போட்டுவிட்டு, விளக்கு வைக்கும்வரை அதை அணைக்காதவர் அவர். இலங்கை வானொலியின் காலத்திலிருந்து காசெட்டுகளின் காலம்வரை அந்தத் தறிவீட்டில் பாட்டு ஓய்ந்ததில்லை. பாவு நூல் அசையுமென்று அறையில் மின்விசிறி போடமாட்டார். ஆனால் அவருடைய ஆம்ப்ளிபயருக்கு ஒரு விசிறி வேண்டுமென்று கேட்டு வந்திருந்தார். செட்டை நான் அவர் வீட்டிலேயே பார்க்கவேண்டுமென்று சொல்லி உடன் போனேன். மூடியைக் கழற்றிப் பல மாதங்கள் ஆகியிருந்தன; ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையில் பட்டுநூல் துணுக்குகளும் தூசியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து கம்பளித் துண்டாகவே படிந்திருந்தன; அதைக் குண்டூசியால் நெம்பி எடுக்கவேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, பலகையில் இடம் போதவில்லையென்று செட்டைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்திருந்தார். நெட்டுக்குத்தாக நிற்கவேண்டிய தகடுகள் அதனால் படுக்கைவசமாகிவிட்டன. சூடான காற்று மேலே போகும் சுபாவமுடையது. தகடுகள் நெட்டாக நின்றால் அவற்றின் இடையில் புகுந்து ஏறிப்போய்விடும், படுத்திருந்தால் ஒவ்வொரு தகட்டின் அடியிலும் தேங்கி நிற்கும். தகடுகளைச் சுத்தம் செய்து, செட்டை அதன் காலில் நிற்கவைத்து, மூடியை மறுபடியும் பூட்டிவிட்டு, விசிறி வேண்டாம் என்று சொன்னேன். மனிதருக்குத் திருப்தியில்லை. “ஃபேன் வெக்காமயே போறீங்களே, ரேடியோக்காரரே” என்று வாசல்வரை வந்து கேட்டார். அந்த அறையில் ஒரு விசிறியை வைத்திருந்தால் அது பகலெல்லாம் பட்டுத் துணுக்குகளை இழுத்து இழுத்து அதே தகடுகளில் திணித்திருக்கும் என்பதை அவருக்கு விளங்கவைப்பதற்குள் ஒரு காப்பி ஆறிப்போயிற்று.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளைகுடா நாடுகளுக்குப் போய்வந்தவர்கள் ஜப்பானிய செட்டுகளைக் கொண்டுவந்தார்கள்; சென்னை பர்மா பஜாரிலும் அவை கிடைத்தன. அவற்றில் பலவற்றுக்குள் தனித்தனி அவுட்புட் டிரான்சிஸ்டர்களே இல்லை. சான்யோ கம்பெனியின் எஸ்டிகே என்ற வரிசையைச் சேர்ந்த கறுப்புக் கட்டி ஒன்றே இரண்டு பக்கத்து வேலையையும் செய்தது. ஒரே இடத்தில் அவ்வளவு உஷ்ணமும் பிறப்பதால், கட்டிக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையிலுள்ள பேஸ்ட் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சுண்ணாம்பாகக் காய்ந்துபோனதும் அது தன் சூட்டைக் கைமாற்ற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே வெந்து இறந்துவிடும். இத்தகைய செட்டுகளில் ஒரு சோதனையை நான் எப்போதும் செய்வதுண்டு. அரை மணி பாடவிட்டு, ஹீட் சிங்க்கில் ஒரு விரலையும் கட்டியின் முகத்தில் மற்றொரு விரலையும் க்ஷண நேரம் வைத்துப் பார்ப்பேன். கட்டி சுட்டுப்பொசுக்கி, ஹீட் சிங்க் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், கோளாறு காற்றில் இல்லை, பேஸ்ட்டில் இருக்கிறது. அந்த ஸ்திதியில் ஹீட் சிங்க்கின்மேல் விசிறியைத் திருப்புவது, ஜுரம் உள்ளே எரிய, பாய்க்கு விசிறுவதற்குச் சமானம். பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, புதிய பேஸ்ட்டைத் தாளின் கனத்துக்கு மேற்படாமல் தடவி இறுக்கினால் போதும். உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர்களுக்கு நடுவில் மைக்காத் தகடும் உண்டு; அது ஓரத்தில் விரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் செட்டைக் கொண்டுவந்தது இதே காலத்தில்தான். இராத்திரி எல்லோரும் உறங்கிய பின் கச்சேரி ரிகார்டுகளைத் தணிந்த குரலில் வைத்துக் கேட்பது அவருடைய பழக்கம். பட்டணத்தில் யாரோ ஒரு மெக்கானிக் அவருடைய ஆம்ப்ளிபயரின் மூடியில் வட்டமாக வெட்டி, 230 வோல்ட்டில் ஓடும் கனத்த உலோக விசிறி ஒன்றைக் கீழ்நோக்கி வீசும்படி வைத்துக் கொடுத்திருந்தார். “ஐயா, அதற்குப் பிறகு சூடு குறையவேயில்லை, உபரியாகத் தம்பூராவோடு இன்னொரு தம்பூரா சேர்ந்துகொண்டது” என்றார் ஆசிரியர். இரண்டு புகார்களும் உண்மை.

முதலாவதை அறிய ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திப் பெட்டியின் துளைகள் ஒவ்வொன்றின் அருகிலும் பிடித்துப் பார்த்தேன். இதைவிடச் சிறந்த கருவியை நான் இதுகாறும் கண்டதில்லை. விசிறி மேலிருந்து காற்றை உள்ளே தள்ளியது. ஆனால் அது வெளியேறுவதற்குப் பெட்டியின் அடியில் நாலைந்து சின்னத் துளைகளே இருந்தன. அவையும் மேஜைமேல் விரித்திருந்த தடித்த துணியால் அடைபட்டிருந்தன. உள்ளே போன புகை, போன வட்டத்தின் ஓரமாகவே சுருண்டு திரும்பி வந்தது. சூடான காற்றையே விசிறி இரவெல்லாம் கடைந்துகொண்டிருந்திருக்கிறது. தவிரவும் தானாக மேலே எழ முயலும் காற்றை அது கீழே அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது புகாருக்குக் காரணம், அந்த விசிறியின் மோட்டாரிலிருந்து பரவும் காந்தப்புலம். ரிகார்டு பிளேயரின் முள்ளிலிருந்து வரும் மிகமிகச் சிறிய மின்னலையைப் பெருக்கும் முதல் கட்டத்துக்கு நாலு அங்குல தூரத்தில், வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சியில் துடிக்கும் ஒரு காந்தத்தை வைத்தால் இரைச்சல் கேட்காமல் என்ன செய்யும்?

மூடியின் வட்டத்தைத் தகடு வைத்து அடைத்தேன். பின்பக்கத்தில், ஹீட் சிங்க்குக்கு நேரே மேல்மூலையில், 12 வோல்ட் டிசி விசிறி ஒன்றைக் காற்றை வெளியே இழுக்கும்படி வைத்து, அடித்தட்டின் எதிர்மூலையில் துளைகளைப் பெருக்கி, கால்களுக்கு அடியில் ஓரங்குல உயரமுள்ள ரப்பர் கட்டைகளைக் கொடுத்தேன். விசிறியின் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைத்தேன். அதிர்வு பெட்டிக்கு ஏறாமலிருக்க அதைவிட மலிவான உபாயம் கிடையாது. அந்த 12 வோல்ட் விசிறிக்கு ஏழு அல்லது எட்டு வோல்ட்டுக்கு மேல் கொடுக்கவில்லை. இந்த ஒன்றைத்தான் நான் என் சிஷ்யர்களுக்கெல்லாம் அடித்து அடித்துச் சொல்லியிருக்கிறேன். அசையாத காற்றுக்கும் மெல்ல நகரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. மெல்ல நகரும் காற்றுக்கும் வேகமாக நகரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் சொற்பமே. சப்தத்தின் கணக்கோ நேர் எதிரானது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபல் குறைந்துபோகிறது. ஆசிரியரின் ஹீட் சிங்க், முன்பு 80-ஐ எட்டிக்கொண்டிருந்தது, 55-ஐத் தாண்டாமல் நின்றது. செட்டை எடுத்துக்கொண்டு போனவர் மறுநாள் திரும்பி வந்து, விசிறி ஓடுகிறதா என்று தமக்குத் தெரியவில்லையென்று சொன்னார். பின்துளையில் ஒரு நூல்திரியை ஒட்டிக் கொடுத்தேன். அது படபடத்தால் ஓடுகிறதென்று அர்த்தம்.

அந்த ஏழு வோல்ட்டை எங்கிருந்து எடுப்பது என்பது பெரும்பாலான மெக்கானிக்குகள் அவசரப்படும் இடம். டிரான்ஸ்ஃபார்மரில் உபயோகப்படாத சுற்று ஒன்று இருந்தால் அது பாக்கியம்; நான்கு டையோடும் ஒரு கண்டென்சரும் வைத்துத் தனியாக எடுத்துவிடலாம். அப்படியில்லாமல் 35 வோல்ட் பிரதான சப்ளையிலிருந்தே எடுக்கவேண்டுமானால், பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் இழுக்கும் சிறு விசிறிக்கு 270 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடவேண்டும். அது தானே மூன்று வாட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சுடும் என்பதால் ஐந்து வாட் ஒயர்வவுண்ட் வகையாகப் பார்த்து, விசிறியின் காற்று படும் இடத்தில் நிறுத்திவைக்கவேண்டும். டிசி விசிறியின் உள்ளே இருக்கும் மின்சுவிட்சு மின்சாரத்தைத் துண்டு துண்டாக இழுப்பதால், விசிறியின் இரு முனைகளுக்கும் குறுக்கே 220 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று அவசியம். எல்லாவற்றையும்விட முக்கியமானது கிரவுண்டு ஒயர். அதைக் கைக்கு எட்டிய இடத்தில், இன்புட் சாக்கெட்டின் தலையில் பற்றவைத்துவிட்டால், ஸ்பீக்கரில் கொசு பாடுவதைப் போன்ற ரீங்காரம் எழும். பெரிய ஃபில்டர் கண்டென்சர்களின் நடுமுனைக்கு நேராகக் கொண்டுபோனால் எழாது. இந்த ரீங்காரத்தைப் போக்க இன்புட் ஒயரையெல்லாம் மாற்றி, போர்டை மாற்றி, கடைசியில் விசிறியையே கழற்றி எறிந்தவர்களை நான் அறிவேன்.

இரண்டு தெர்மல் சுவிட்சுகளையும் வைத்துவிட்டால் வேலை பூரணமாகும். பொத்தான் அளவுள்ள அந்தச் சாதனங்கள் ரிச்சி தெருவில் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. ஒன்று 50 டிகிரியில் மூடிக்கொண்டு விசிறியை ஓடவிடும். தணிந்த குரலில் பாட்டுக் கேட்பவருக்கு விசிறி பல நாள் ஓடவே ஓடாது. மற்றொன்று 85 டிகிரியில் திறந்துகொண்டு செட்டையே அணைத்துவிடும். விசிறியும் ஒரு நாள் நின்றுபோகக்கூடிய யந்திரம்தானே. அதை நம்பி ஓடும் செட்டுக்கு அதற்குமேல் ஒரு காவல் வேண்டும். செட்டு அமைதியாக இருக்கும்போது ஓடும் பயஸ் கரண்டை ஒழுங்குபடுத்தும் சிறிய டிரான்சிஸ்டர் அல்லது டையோடு, ஹீட் சிங்க்கிலேயே ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். டிரான்சிஸ்டருக்கு வேண்டிய வோல்டேஜ் ஒவ்வொரு டிகிரிக்கும் இரண்டு மில்லிவோல்ட் வீதம் குறைந்துகொண்டே போகும். அதைக் கவனித்துக் கடிவாளம் போடுவது அந்தச் சிறிய பொருள்தான். அது ஹீட் சிங்க்கிலிருந்து கழன்று விசிறியின் காற்றில் குளிர்ந்துகொண்டிருந்தால், பெரிய டிரான்சிஸ்டர்களின் நிலையை அறியாமல் கரண்டை ஏற்றிவிட்டு அவை அழியக் காரணமாகும். விசிறி வைத்ததனாலேயே வெந்துபோன செட்டுகளை இப்படித்தான் புரிந்துகொள்ளவேண்டும்.

சித்ரா பௌர்ணமியன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பாலாற்றைக் கடந்து எழுந்தருளி, எங்கள் ஊர் சஞ்சீவிராயர் சந்நிதிக்கு வந்து, நடவாவிக் கிணற்றில் இறங்கும் உற்சவம் நடக்கும். அதற்கு முன்பின்னான நாட்களில் ஊரில் ஒலிபெருக்கி வைத்திருப்பவர்களின் கை போதாமல், வீட்டு ஆம்ப்ளிபயர்களும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அன்னதானப் பந்தலுக்கும் இரவல் போகும். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து முதலிய வைபவங்களுக்கும் அப்படியே. எட்டு ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கென்று செய்யப்பட்ட செட்டில் இரண்டை இணைப்பார்கள். அது நான்கு ஓமாகும். கூட்டம் சேர்ந்ததும் இன்னும் இரண்டு. அது இரண்டு ஓமாகும். பாட்டென்னவோ உற்சாகமாகத்தான் பாடும். டிரான்சிஸ்டர் நான்கு பங்கு மின்சாரத்தை இழுத்துக்கொண்டு வெந்துகொண்டிருக்கும். இரவில் பம்பு செட்டுகள் ஓய்ந்ததும் லைன் வோல்டேஜ் 250-க்கு மேல் ஏறும். மிச்சமுள்ள உயிரையும் அது எடுத்துவிடும். மறுநாள் காலையில் மூன்று இளைஞர்கள் சேர்ந்து செட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். “அண்ணே, சூடாயி ஆஃப் ஆயிடுச்சு. ஃபேன் ஒண்ணு வெச்சா சரியாயிடுமா?” என்பார்கள். “எத்தினி ஸ்பீக்கர்டா போட்டீங்க?” என்று நான் கேட்பேன். ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொள்வார்கள்.

காற்றோடு கூடவே வருகிற ஜீவராசிகளையும் சொல்லாமல் விடக்கூடாது. கார்த்திகை மாசத்தில் அணைத்து வைத்த ஒரு செட்டின் விசிறி சித்திரையில் ஓடவில்லையென்று வந்தது. இறக்கைகளுக்கு நடுவில் குளவி கூடு கட்டியிருந்தது, மண் இறுகி, இறக்கையும் சட்டமும் ஒன்றாகிவிட்டிருந்தன. சூடு தேடிப் பல்லி நுழைந்து ஃபியூஸ் முனைகளுக்குக் குறுக்கே படுத்து உயிர்விடுவது சாதாரணம். காற்று நுழையும் துளைகளுக்கு உட்புறத்தில் கொசுவலை நைலானை ஒட்டுவது என் வழக்கம். வாசலில் நெல் தூற்றும் வீடுகளில் அதை மாதம் ஒரு முறை துடைக்கவேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். துடைத்தவர்கள் சிலர், துடைக்காதவர்கள் மறுபடி வருவார்கள்.

இரண்டாயிரமாவது ஆண்டுகளில் தொழிலுக்கு வந்த பெரிய விபத்து போலி டிரான்சிஸ்டர்கள். வெளியில் பெயரும் முத்திரையும் சரியாக இருக்கும். தொப்பியை அரத்தால் அறுத்து உள்ளே பார்த்தால் நகக்கண் அளவு இருக்கவேண்டிய சில்லு, மிளகு அளவுகூட இருக்காது. அவ்வளவு சிறிய சில்லிலிருந்து உஷ்ணம் உடம்புக்கு வந்து சேருவதே கடினம். உடம்புக்கு வராத உஷ்ணத்தை எந்த விசிறியும் தொடமுடியாது. இதற்காகக் கையில் ஒரு பழைய நல்ல டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு, புதிதாக வாங்கும் ஒவ்வொன்றையும் தராசில் அதனோடு எடை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். எடை குறைந்தால் வாங்குவதில்லை. எடை சரியாக இருந்தும் ஏமாந்தவர்கள் உண்டு. ஆயினும் இந்தத் தராசு பல வீடுகளின் பாட்டைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்போதுள்ள கிளாஸ் டி ஆம்ப்ளிபயர்கள் உள்ளங்கை அளவு போர்டில், பெயருக்கு ஒரு சிறு அலுமினியத் துண்டை வைத்துக்கொண்டு பழைய பெட்டிகளைவிட உரக்கப் பாடுகின்றன. அவற்றில் வீணாகும் சக்தி மிகக் குறைவு. இன்னும் கொஞ்ச காலத்தில் விசிறி வைக்கவேண்டிய வீட்டு ஆம்ப்ளிபயர்களே இராமற்போகும். இருந்தாலும் தகப்பனார் வாங்கியது, அண்ணன் கையால் கோத்தது என்று பழைய செட்டுகளை விடமுடியாதவர்கள் இருக்கிறார்கள். அவற்றை இன்னும் இருபது வருஷம் பாடவைப்பதில் தவறொன்றுமில்லை. உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்களின் ஆயுள், உஷ்ணம் பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தயாரிப்பாளர்களே ஒப்புக்கொள்ளும் கணக்கு. ஆகவே டிரான்சிஸ்டருக்காக இல்லாவிட்டாலும் கண்டென்சருக்காகவாவது பெட்டிக்குள் கொஞ்சம் காற்று நகரட்டும் என்பது என் அபிப்பிராயம். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் செட்டை வைத்து, அதன்மேல் பூவேலை செய்த துணியைப் போர்த்தி, துணியின்மேல் பொம்மையை வைக்கும் வீடுகளுக்கு மட்டும் நான் விசிறி வைத்துக் கொடுப்பதில்லை. முதலில் கதவைக் கழற்றுங்கள், துணியை எடுங்கள், மேலே நாலு விரற்கடை, பின்னால் நாலு விரற்கடை இடம் விடுங்கள். அதன் பிறகும் ஒரு மணி நேரப் பாட்டில் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்திருக்க முடியாவிட்டால் கொண்டுவாருங்கள். கொண்டுவரும்போது, தயவுசெய்து, அதனோடு இணைத்திருந்த ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் கூடவே எடுத்துவாருங்கள்.